ரெண்டு பிரிட்ஜ்காரி

வீட்டக் கட்டிப்பார், கலியாணத்தப் பண்ணிப்பார் எண்டு ஊருலகமெல்லாம் சொல்லும். எங்கட காத்தான்குடியில அது ரெண்டும் ஒரே வேலதான். வீட்டக் கட்டாம ஒரு பொம்புளப் புள்ளைக்குக் கலியாணம் பேச ஏலா. புள்ள தவழுறதுக்கு முந்தி வாப்பாக்காரன் கல்லுக்கும் சீமெந்துக்கும் கணக்குப் பாக்கத் தொடங்கிருவான். தின்னச் சோறில்லாட்டியும் தரைக்கு டைல்ஸ் இரிக்கும். மாப்புள வந்து ஏறுவார், வீடு புள்ளட பேருக்குப் போகும், உம்மாவும் வாப்பாவும் குசினிப் பக்கமா ஒதுங்கிக்கொள்ளுவாங்க. இது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அஸ்வெசும எண்டு ஒரு உதவிப் பணத்துக்குக் கொழும்புல இரிந்து சட்டம் எழுதினாங்களே, அவங்களுக்கு மட்டும் தெரியா.

என்ட பேர் அஸீமா. எனக்குக் கொஞ்சம் கோவம் வரும் எண்டு எங்கட சின்னத் தெருவுல, இந்த ஒழுங்கையில சொல்லுவாங்க. கொஞ்சமெல்லாம் இல்ல, நல்லாவே வரும். ஆனா இந்தக் கதையில எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு ஞாயம் இரிக்கு. கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

என்ட தங்கச்சி றமீஸா எதிர் வீடு. அவட மாப்புள நெஞ்சு வருத்தத்துல மௌத்தாகி மூணு வருசம். நல்ல மனிசன். ஹயாத்தோட இரிக்கக்குள்ள ஹோலுக்கு டைல்ஸ் பதிச்சி, மாடிக்கெண்டு தூணும் எழுப்பிட்டுத்தான் போனார். வீட்ட மகள் இர்ஷானாட பேருக்கு எழுதியும் வெச்சிட்டார். புள்ள இப்ப சாதாரண தரச் சோதினைக்குப் படிக்கிறா. தூணெல்லாம் கம்பிய மேல நீட்டிக்கிட்டு நிக்குது. கீழ றமீஸா விடியச் சாமம் எழும்பி அப்பம் சுட்டுத் தேத்தண்ணிக் கடைக்குக் குடுக்கிறா. மழ பேஞ்சா அப்பம் போகா, அப்பம் போகாட்டி ராவைக்கு அந்த அப்பத்தையே தாயும் மகளும் தின்னுறாங்க.

எங்களுக்கு ஒரு தம்பி இரிக்கான், இன்ஷாப். கட்டார்ல வேல. சம்பளம் பொஞ்சாதி வீட்டுக்குப் போகும், அது வழமதான், குற சொல்ல ஏலா. ஆனா மருமகளுக்குச் சீதனச் சாமான் சேக்கிறது தாய்மாமன்ட கடம எண்டு அவன் தலைக்குள்ள ஏறிப்போச்சி. சல்லி அனுப்ப மாட்டான், சாமான் அனுப்புவான். கார்கோவுல பிரிட்ஜ் வந்திச்சி, வாசிங் மெசின் வந்திச்சி, டீவி, மிக்ஸர், பீங்கான் செற், மெத்த எண்டு வந்துக்கிட்டே இரிந்திச்சி. ஒரு பெட்டியையும் ஒடைக்கப்படா. ஒடச்சா பழசு எண்டு மாப்புள வீட்டார் மூக்கச் சுழிப்பாங்க. இப்ப யோசிச்சிப் பாருங்க, என்ட தங்கச்சி வாசிங் மெசின் பெட்டிக்கு மேல பிளாஸ்டிக் பேசின் ஒண்ட வெச்சி, கையால கசக்கி உடுப்புக் கழுவுறா. மீன் கெட்டுப் போகும் எண்டு அண்டண்டைக்கு ரெண்டு சூட மீன் வாங்குறா, பக்கத்துல ஆளுயரத்துக்குப் பிரிட்ஜ் நிக்குது.

முந்தி சமுர்த்தி எண்டு உதவி குடுத்த காலத்துல ஆளோட முகத்தப் பாத்து, பாவம் எண்டு எழுதுவாங்க. சில நேரம் மச்சான் முறையப் பாத்தும் எழுதுவாங்க, அது வேற கத. இப்ப முகத்தப் பாக்கிற இல்ல. ஒரு புள்ள போனோட வரும். கூர ஓடா தகரமா, தரை என்ன, கரண்ட் பில் எவ்வளவு, வருத்தக்காரர் இரிக்காங்களா, படிக்கிறது எத்தின பேர், உழைக்கிறது எத்தின பேர், பிரிட்ஜ் இரிக்கா, வாசிங் மெசின் இரிக்கா எண்டு கேக்கும். நாம சொல்லச் சொல்ல அமத்தும். அது எல்லாத்துக்கும் புள்ளி. கடைசியில போன்தான் சொல்லும், நீ ஏழையா இல்லையா எண்டு.

முதல் தரம் வந்த பொடியன் றமீஸாட ஹோலுக்குள்ள நிண்டு சுத்திவரப் பாத்தான். பிரிட்ஜ் இரிக்கா? இரிக்கு. வாசிங் மெசின்? இரிக்கு. டீவி? இரிக்கு. இவ பொய் சொல்லத் தெரியாதவ, எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டா. அதெல்லாம் மகள்ற சீதனம் தம்பி, நாங்க தொடுறல்ல எண்டு சொல்லியும் பாத்திரிக்கா. சீதனத்துக்கு இதுல இடமில்ல ராத்தா எண்டானாம். பட்டியல்ல பேர் வரல்ல.

அதுக்குப் பொறகுதான் இவ எனக்குச் சொல்லாம பாஸ்போட் எடுத்தா. குவைத்துல ஒரு வீட்டு வேலையாம். பாஸ்போட் ஏஜென்ட்ர கையில, மெடிக்கலும் முடிஞ்சி. கேள்விப்பட்ட அண்டைக்கு நான் ஒழுங்கையில நிண்டு கத்தின கத்துல காகமெல்லாம் பறந்திட்டு.

"மகள யார்ட்ட விட்டுட்டுப் போற?"

"உங்கள்ட்டத்தான் ராத்தா."

"எனக்கு வேணா!"

உண்மையா எனக்கு வேணாம்தான். இர்ஷானாவ வேணாம் எண்டு இல்ல. நான் குவைத்துக்குப் போய் வந்தவ. என்ட மகன் அஸாம மூணு வயசுல விட்டுட்டுப் போனன். திரும்பி வந்த அண்டைக்கு அவன் என்ட மாமிட பொறத்தால ஒளிச்சிக்கிட்டு, "இது யாரு?" எண்டு கேட்டான். அவன் இப்ப மீச முளைச்ச ஆம்புள, புடவக் கடையில நிக்கிறான், ஒண்டும் ஞாபகமில்ல அவனுக்கு. எனக்கு இரிக்கு. அந்தக் கேள்வி என்ட தங்கச்சிட காதுல விழப்படா எண்டுதான் எனக்குக் கோவம். கோவம் எண்டா என்ன, பயம்தான்.

"மேன்முறையீடு போடுவம். திரும்ப வந்து பாப்பாங்க. பேர் வந்தா நீ போகப்படா," எண்டன்.

"பேர் வந்தா நான் ஏன் போறன் ராத்தா? எனக்கென்ன பைத்தியமா?" எண்டா. மேன்முறையீடும் போட்டம். அதோட எல்லாம் அந்தப் போனுக்குள்ள வந்து நிண்டிச்சி.

அப்பதான் எனக்கு மூள வேல செஞ்சிச்சி. எங்கட ஒழுங்கதான் ரெண்டு கிராம சேவகர் பிரிவுக்கும் எல்ல. அந்தப் பக்கம் றமீஸா ஒரு பிரிவு, இந்தப் பக்கம் நான் வேற பிரிவு. ரெண்டு பிரிவுக்கும் கணக்கெடுக்க வாறது ரெண்டு மிஸ்மார். நானும் விண்ணப்பிச்சிரிந்தன், இல்லயெண்டு சொல்லல்ல. என்ட மனிசன் மர்சூக் சைக்கிள்ல சாறனும் ஹவுஸ்கோட்டும் கட்டிக்கிட்டுக் கிரான் பக்கம் புடவ யாவாரத்துக்குப் போறவர். வெள்ளாம வெட்டின காலம் எண்டா ஏதும் ஓடும், மத்த நேரம் சைக்கிள் மட்டும்தான் ஓடும். இப்ப முழங்காலும் தேஞ்சி போச்சி, சீனி வருத்தமும் இரிக்கு. எங்கட வீட்டுக்கு மிஸ் வாறது அடுத்த கிழம எண்டு சொல்லியிரிந்தாங்க. றமீஸாட வீட்டுக்கு வாறது இந்தத் திங்கள்.

சட்டம் என்ன கேக்குது? வீட்டுக்குள்ள என்ன இரிக்கு எண்டு கேக்குது. யார்ட எண்டு கேக்கல்ல. சரி, அப்ப வீட்டுக்குள்ள இல்லாமச் செஞ்சாப் போச்சி.

திங்கள் விடியச் சுபஹு தொழுத கையோட என்ட மனிசன எழுப்பி நிப்பாட்டினன்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் போறியா அஸீமா?" எண்டார்.

"சோத்துல மறைச்சாத்தானே பிழ? நான் எதிர் வீட்டுல மறைக்கிறன். புடிங்க அந்தப் பக்கத்த."

ஒவ்வொரு பெட்டியா ஒழுங்கையக் கடத்தினம். பிரிட்ஜச் சரிக்கப்படாதாம், நிமித்தித்தான் கொண்டு போகணுமாம். மனிசன் முழங்கால்ல கைய வெச்சி ஒரு அடி, பிரிட்ஜில கைய வெச்சி ஒரு அடி எண்டு நடந்தார். றமீஸா பின்னால வந்து, "மச்சான் கவனம், மச்சான் கவனம்" எண்டு சொன்னதுதான் மிச்சம். என்ட வீடு சின்ன வீடு. எல்லாத்தையும் அடுக்கி முடிய வாசல்ல இரிந்து குசினிக்குப் போறதுக்கு நான் பக்கவாட்டாத்தான் போக ஏலும்.

பத்து மணி போல ஸ்கூட்டிச் சத்தம் கேட்டிச்சி. தனுஷியா எண்டு பேர், நாவற்குடாப் புள்ள. மெலிஞ்ச புள்ள, ஹெல்மட்டக் கழட்டினா முகம் முழுக்க வேர்வ. நான் றமீஸாட வீட்டுக் கதிரையில முந்தியே போய்க் குந்திட்டன். இவளத் தனிய விட்டா உண்மையெல்லாம் கொட்டிருவா. தேத்தண்ணி கூடக் குடுக்கப்படா, வறுமையாத் தெரியணும் எண்டு படிச்சிப் படிச்சிச் சொல்லியிரிந்தன். ஆனா மிஸ் இரிந்ததுதான் தாமதம், இவ ஓடிப்போய் முட்ட அப்பமும் சம்பலும் கொண்டு வந்து வெச்சிட்டா.

"வீட்டுக்கு வந்த ஆள எப்பிடி ராத்தா வெறும் வாயோட அனுப்புற?" எண்டு என்ட காதுக்குள்ள சொல்றா. நான் அவட தொடையில ஒரு கிள்ளுக் கிள்ளினன்.

மிஸ் அப்பத்தத் தின்னுக்கிட்டே கேள்வியத் தொடங்கினா.

"தரை டைல்ஸ்தானே அக்கா?"

"டைல்ஸ அவிச்சித் தின்ன ஏலுமா மிஸ்?" எண்டு நான் குறுக்க விழுந்தன்.

"அதுக்கு இதுல இடமில்ல அக்கா. தரை என்ன எண்டுதான் கேக்குது."

"டைல்ஸ்," எண்டா றமீஸா.

"வீடு யார்ட பேர்ல?"

"மகள்ற பேர்ல."

"அப்ப உங்கட பேர்ல என்ன இருக்கு?"

றமீஸா நல்லா யோசிச்சா. சுத்திவரப் பாத்தா. "அப்பச்சட்டி," எண்டா.

அந்தப் புள்ள சிரிக்காம இரிக்க எவ்வளவு கஷ்டப்பட்டிச்சி எண்டு எனக்குத் தெரியும். மறுகா எழும்பி ஹோலச் சுத்திப் பாத்திச்சி. அப்பதான் நானும் பாத்தன். பெட்டி வெச்சிரிந்த இடமெல்லாம் டைல்ஸ் பளிச்செண்டு வெள்ளையா, சதுரம் சதுரமாத் தெரியுது. மத்த இடமெல்லாம் கால் மிதிபட்டு மங்கிக் கிடக்கு. வருசக் கணக்கா நிண்ட பெட்டிகள் தன்ட தன்ட அளவ எழுதி வெச்சிட்டுத்தான் போயிரிக்கு.

"இதில என்ன இருந்தது?" எண்டு மிஸ் விரலால காட்டினா.

"ஒண்டுமில்ல மிஸ்," எண்டன். "அதெல்லாம் வெயில் படாத இடம்."

மிஸ் என்னப் பாத்தா, ஜன்னலப் பாத்தா. பிரிட்ஜ் இல்ல, வாசிங் மெசின் இல்ல, டீவி இல்ல எண்டு அமத்திச்சி. என்ட நெஞ்சுக்குள்ள குளுந்து போச்சி. அல்ஹம்துலில்லாஹ், வேல முடிஞ்சி எண்டு நினைச்சன். மிஸ்ஸுக்கு இன்னொரு அப்பம் வெக்கச் சொல்லி நானே றமீஸாவ ஏவினன். வேலியில போன ஓணான எடுத்து மடிக்குள்ள விட்டவ நான்தான்.

மிஸ் கையக் கழுவிட்டு, போனத் தட்டிக்கிட்டே கேட்டா. "எதிர்ப் பக்கப் பிரிவு மிஸ்ஸுக்குக் குழந்தை கிடைச்சிருக்கு. லீவு. அவட வேலையையும் என்னட்டத் தந்திருக்காங்க. எதிர் வீட்டுல அஸீமா எண்டு ஒராள். நீங்கதானே அக்கா?"

நான் கதிரைய விட்டு எழும்பிட்டன்.

"அடுத்த கிழம எண்டு சொன்னாங்களே மிஸ்?"

"இஞ்ச வரைக்கும் வந்திட்டன், அதையும் முடிச்சிட்டுப் போறன்."

"வீட்டுல ஆளில்லயே."

"நீங்க இருக்கிறீங்களே அக்கா."

"சாவி அவர்ட்ட. அவர் கிரானுக்குப் போயிட்டார்."

வாசல் கடப்படியில நிண்டு பாத்தா, ஒழுங்கைக்கு அங்கால என்ட வீட்டுக் கதவு ஆவெண்டு தொறந்து கிடக்கு. பெட்டிய ஏத்துறதுக்குத் தொறந்தது, சாத்தவும் மறந்திட்டன். மிஸ் ஹெல்மட்டக் கையில எடுத்துக்கிட்டு நடந்திட்டா. றமீஸா என்ட கையப் புடிச்சா. "நீ இஞ்சயே இரி, நான் பாத்துக்கொள்றன், கடப்படியத் தாண்டினா கால முறிப்பன்," எண்டுட்டு ஓடினன்.

மிஸ் வாசல்ல நிண்டுக்கிட்டு உள்ள எப்பிடிப் போற எண்டு யோசிச்சிக்கிட்டிரிந்தா. நான் பக்கவாட்டாப் போய் வழி காட்டினன்.

"இது?"

"பிரிட்ஜ்."

"அது?"

"அதும் பிரிட்ஜ்."

பழசத் தொறந்து பாத்தா. அது எங்கடதான், மோட்டர் எரிஞ்சி எந்தக் காலம். மனிசன் யாவாரச் சாறனெல்லாம் அதுக்குள்ள அடுக்கி வெச்சிரிக்கார், எலி கடிக்காதாம்.

"இது வேலை செய்யுதா அக்கா?"

"சாறனுக்கு வேல செய்யுது."

புதுப் பெட்டிகளுக்கு முன்னால போய் நிண்டா. ஒவ்வொண்டாப் பாத்தா, கொஞ்ச நேரம் எடுத்துத்தான் பாத்தா. பொறகு மெதுவாத்தான் கேட்டா. "அக்கா, இது வேற ஆக்கள்ற சாமான் எண்டா சொல்லுங்க. யார்ட எண்டு சொன்னா அவங்கட கணக்குல போட்டுட்டு உங்கட கணக்குல இருந்து எடுத்திடுவன். சொல்லாட்டி உங்கட வீட்டுக்குள்ள இருக்கிறது உங்கட கணக்குலதான் வரும்."

எதிர் வீட்டுல றமீஸா அப்பச்சட்டி கழுவுற சத்தம் கேட்டிச்சி. கர்ர் கர்ர் எண்டு தேச்சிக்கிட்டிரிக்கா, நம்பிக்கையோட. மர்சூக்குட முழங்காலும் எனக்குக் கண்ணுக்குள்ள வந்திச்சி, வராம இல்ல. மாசா மாசம் மருந்தெடுக்க அந்த உதவிச் சல்லி ஒரு கை குடுத்திரிக்கும். ஆனா முழங்கால் வலிச்சாலும் மனிசன் என்ட வீட்டுலதானே இரிப்பார். றமீஸா போனா போனதுதானே.

"என்டதான்," எண்டன்.

"எல்லாமா?"

"எல்லாம் என்டதான். ஏன், நான் வெச்சிரிக்கப்படாதா?"

"ரெண்டு பிரிட்ஜ் எதுக்கு அக்கா?"

"ஒண்டு மீனுக்கு, ஒண்டு மாட்டெறச்சிக்கு. வாசம் ஒண்டோட ஒண்டு சேரப்படா."

"வாசிங் மெசின் ஏன் பெட்டிக்குள்ளயே இருக்கு?"

"வெளிய எடுத்தா அழுக்காகிரும்."

"வாசிங் மெசினா?"

"ஓம் மிஸ். நான் கொஞ்சம் சுத்தம் பாக்கிற ஆள்."

அந்தப் புள்ள நெத்தியில கைய வெச்சிக்கிட்டுது. "இவ்வளவும் வெச்சுக்கொண்டு ஏன் அக்கா உதவிக்கு விண்ணப்பிச்சீங்க?"

"ஆசதான் மிஸ். பணக்காரருக்குத்தானே ஆச கூட."

போன நீட்டி, விரலால கையெழுத்து வைக்கச் சொன்னா. வெச்சன். எழுத்து கோணலாத்தான் விழுந்திச்சி. மிஸ் போன பொறகு மெத்தப் பெட்டியில குந்தி நல்லா அழுதன். ஆருமில்லாததால அழுதன். பொறகு முகத்தக் கழுவிட்டுப் போய், "மிஸ் வாசலோட திரும்பிட்டா, என்ட வீட்டப் பாக்க இன்னும் நாள் இரிக்காம்" எண்டு றமீஸாட்டப் பொய் சொன்னன். அஸ்தஃபிருல்லாஹ், அண்டைக்கு எத்தினையாவது பொய் எண்டு எனக்கே தெரியா.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு மனிசன் யாவாரத்தால வந்தார். நடந்ததச் சொன்னன். அவர் ஏசுவார் எண்டு பாத்தன், ஏசல்ல. பெட்டியச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நிண்டார். பொறகு, "அஸீமா, உனக்கு இங்கிலீஸ் எழுத்துத் தெரியாதுதானே?" எண்டார்.

"தெரிஞ்சிரிந்தா நான் ஏன் உங்களக் கட்டினன்?"

"இல்ல, இன்ஷாப் கார்கோவுல போடக்குள்ள ஆள்ற பேரப் பெரிசா எழுதித்தானே அனுப்பியிரிக்கான். எல்லாப் பெட்டியிலயும் நாலு பக்கமும் றமீஸா, றமீஸா எண்டு உன்ட கையளவு எழுத்துல கிடக்கு."

அந்த மிஸ் படிச்ச புள்ள. அதுக்கு முன்னால நிண்டு, றமீஸா எண்டு எழுதின பெட்டியில சாஞ்சிக்கிட்டு, இதெல்லாம் என்டதான் எண்டு நான் மார்தட்டியிரிக்கன். இனி என்ட பேரும் வராது, அவட பேரும் வராது, ரெண்டு பேரையும் பொய்க்காரிகள் எண்டு போட்டுக் குடுக்கும் எண்டு கிடந்து துடிச்சன். றமீஸாக்குச் சொல்ல ஏலா. ஏஜென்ட் வேற, விசா வந்திட்டு, இந்த மாச முடிவுக்குள்ள டிக்கட் போடணும் எண்டு நெருக்கிறான். அவ பேக் வாங்கிட்டா. அந்தப் பேக்கக் காணுற நேரமெல்லாம் எனக்கு அதத் தூக்கி வாவிக்குள்ள எறியணும் போல இரிந்திச்சி.

பெட்டிய உடன திருப்பிக் குடுக்கவும் ஏலா, சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பாங்க எண்டு கத. அதால நானும் மனிசனும் ரெண்டு பிரிட்ஜுக்கும் இடையிலதான் படுக்கை. அவர் திரும்பினா பீங்கான் செற் சத்தம் போடும், நான் திரும்பினா மிக்ஸர் விழும். "பணக்காரர்ட வாழ்க்க லேசில்ல அஸீமா," எண்டு சொல்லிட்டு மனிசன் குறட்ட விடுவார்.

ஒரு நாள் பேர் வந்திச்சி. றமீஸாட பேர். மிக வறிய குடும்பம் எண்டு. எங்கட ஒழுங்கையில மிக வறிய குடும்பம் எண்டு சொன்னதுக்கு ஒரு பொம்புள இவ்வளவு சந்தோசப்பட்டத நான் காணல்ல. இர்ஷானா தாயக் கட்டிப் புடிச்சிக்கிட்டு விடவேயில்ல. அந்தப் புள்ள இவ்வளவு நாளும் ஒரு சொல்லுச் சொல்லாம மனசுக்குள்ள வெச்சிரிந்திரிக்கு. என்ட பேர் தகுதியில்ல எண்ட பக்கத்துல கிடந்திச்சி. "என்டது அடுத்த முற வருமாம்" எண்டு றமீஸாட்டச் சொல்லிட்டன். ஊர் சும்மா இரிக்குமா? அஸீமாட வீட்டுல ரெண்டு பிரிட்ஜாம், அரசாங்கமே எழுதிட்டாம் எண்டு பரவி, கலியாணத் தரகர் ஒராள் அஸாமுக்குப் பொண்ணு கொண்டு வந்திட்டார். றமீஸா மட்டும் அத ஊர் வாய்ப் பகிடி எண்டு நினைச்சிட்டா.

மறுகா, பேங்க் புத்தகத்துட போட்டோக் கொப்பியக் குடுக்கிறதுக்கு றமீஸா பிரதேச செயலகக் கந்தோருக்குப் போகணும். தனியப் போகப் பயம் எண்டு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. போகாம இரிந்திரிக்கலாம். கந்தோர்ல சரியான சனம். எங்கட முற வந்திச்சி, மேசையில அதே தனுஷியா மிஸ். றமீஸாட கொப்பிய வாங்கி வெச்சிட்டு, நல்ல மனசோடதான் என்னைப் பாத்துச் சொன்னா.

"அக்கா, வீட்டுல பொருள் அதிகம் எண்டுதான் உங்கட பேர் தள்ளுபட்டது. மேன்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. அந்தப் புதுச் சாமான் உங்கடயில்ல எண்டு எழுதித் தரலாம். யார்ட எண்டும் எழுதணும். செய்யப் போறீங்களா?"

"வேணா மிஸ்," எண்டு நான் எழும்பினன்.

றமீஸா எழும்பல்ல. "எந்தச் சாமான்?" எண்டா.

"ஒண்டுமில்ல, வா போவம்."

"ராத்தா, எந்தச் சாமான்? உங்கட பேர் அடுத்த முற வருமெண்டு சொன்னீங்களே?" அவட முகம் மாறிச்சி. மூளையில எல்லாம் ஒண்டொண்டா விழுறது எனக்கே தெரிஞ்சிச்சி. எழும்பினா, மேசையப் புடிச்சிக்கிட்டு, கந்தோரே கேக்கிற மாதிரி, "மிஸ், அந்தப் பிரிட்ஜ் என்ட பிரிட்ஜ்!" எண்டா.

"வாயப் பொத்து! அது என்ட பிரிட்ஜ்!"

"வாசிங் மெசினும் என்டதான் மிஸ்! டீவியும்!"

"பொய் சொல்றா மிஸ்! என்ட சாமான உன்டதெண்டு சொல்ல உனக்கு என்ன துணிவுடீ?"

"என்ட தம்பி அனுப்பினது!"

"எனக்கும் அவன் தம்பிதான்டீ!"

அவ என்ட அபாயாவப் புடிச்சி இழுக்கிறா, நான் அவட கையத் தட்டி விடுறன். கந்தோர்ல இரிந்த சனமெல்லாம் திரும்பிட்டு. "மாப்புள இல்லாத தங்கச்சிட சாமான அபகரிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்புளயா?" எண்டு பொறத்தால ஒரு கெழவன் சொன்னார். "அல்லாட பயமில்ல," எண்டு இன்னொருத்தி. வேற நாளெண்டா அவட கொண்டைய அவிழ்த்திரிப்பன். அண்டைக்கு நான் தலைய நிமித்திக்கிட்டு நிண்டன். றமீஸா அழுது அழுது, "மிஸ், அவ பொய் சொல்றா, எழுதிக் கொள்ளுங்க, எல்லாம் என்டது, என்ட பேர வெட்டுங்க" எண்டுறா.

தனுஷியா மிஸ் பேனைய மேசையில வெச்சா. என்ட முகத்தையும் பாத்தா, அவட முகத்தையும் பாத்தா.

"இஞ்ச பாருங்க," எண்டா றமீஸாட்ட, சத்தமா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. "உங்கட அக்கா சொல்றதுதான் சரி. நான் அந்த வீட்டுக்குள்ள போய்ப் பாத்தனான். ஒவ்வொரு பெட்டியையும் வாசிச்சுப் பாத்தனான். எல்லாம் அக்காடதான்."

கெழவன், "பாத்தீங்களா, தங்கச்சிக்காரிதான் பொய்" எண்டு உடன கட்சி மாறினார். மிஸ் அடுத்த ஆளக் கூப்பிட்டா. குனிஞ்ச தல நிமிரல்ல. நானும் நன்றி எண்டு சொல்லல்ல, சொன்னாக் காரியம் கெட்டுப் போகும். றமீஸாட கையப் புடிச்சி வெளிய இழுத்துக்கிட்டு வந்தன்.

ரோட்டுல வெயில் கொளுத்துது. அவ மூக்கச் சிந்திக்கிட்டு வாறா. வாயத் தொறந்தா நானும் அழுதிருவன், ரோட்டுல நிண்டு அழுற பழக்கம் எனக்கில்ல. ஒரு ஓட்டோவ மறிச்சி ஏறினம். ஓட்டோக்காரன் தெரிஞ்ச பொடியன், சரீப்.

"எங்க ராத்தா?"

"ஏஜென்ட்ர கந்தோருக்கு விடு. பாஸ்போட் எடுக்கணும்."

அவன் கண்ணாடியால எங்கட ரெண்டு பேர்ட வீங்கின மூஞ்சியையும் பாத்தான். "யாரு ராத்தா வெளிநாடு போற?"

றமீஸா என்ட தோள்ல தலைய வெச்சா. வெக்கட்டும் எண்டு விட்டன்.

"ஒருத்தரும் போகல்ல மனே," எண்டன். "போகாம இரிக்கிறதுக்குத்தான் எடுக்கப் போறம்."